இரவு வேலை நடந்ததா? கிரான் கண்காணிப்புக்கு ஒரு தொடக்க வழிகாட்டி

வெப்சைட் விழுந்துவிட்டால் அரை மணி நேரத்துக்குள் யாராவது போன் செய்து சொல்லிவிடுவார்கள். கிரான் (லினக்ஸ் சர்வரில் குறித்த நேரத்தில் வேலைகளைத் தானாக ஓட்டும் நிரல்) இரவு இரண்டரை மணிக்கு ஓட்டவேண்டிய பேக்கப் ஓடாமல் போனால் யாரும் கூப்பிட மாட்டார்கள். பக்கம் வழக்கம்போலத் திறக்கும், ஆர்டர் வழக்கம்போல வரும். அந்த பேக்கப் தேவைப்படும் நாளில்தான், அது நின்று மூன்று மாதம் ஆகிவிட்டது என்பதே தெரியவரும்.

நிரல்களைச் சேமித்துவைக்கும் தளம் நடத்தும் கிட்லேப் நிறுவனத்துக்கு 2017 ஜனவரி 31 இரவு நடந்தது இதுதான். ஒரு பொறியாளர் துணை சர்வரில் அழிக்கவேண்டிய டேட்டாபேஸ் கோப்புறையை முதன்மை சர்வரில் அழித்துவிட்டார். ஓரிரு விநாடிகளில் நிறுத்தியும், சுமார் 300 ஜிபி போய்விட்டது. சரி, தினமும் எடுக்கும் பேக்கப் இருக்கிறதே என்று எஸ்3 சேமிப்பிடத்தைத் திறந்து பார்த்தால் அங்கே ஒன்றும் இல்லை. டேட்டாபேஸ் போஸ்ட்கிரெஸ் 9.6 பதிப்பில் இருக்க, பேக்கப் எடுக்கும் கருவி 9.2 பதிப்பில் ஓடியிருக்கிறது. அதனால் ஒவ்வொரு முறையும் பிழை காட்டி நின்றிருக்கிறது. பிழை வந்தால் மெயில் அனுப்பும் ஏற்பாடும் இருந்தது. ஆனால் அந்த மெயில்கள் டிமார்க் சரிபார்ப்பில் (அனுப்புநர் உண்மையானவர்தானா என்று பார்க்கும் முறை) தேறாததால், பெறும் முனையிலேயே நிராகரிக்கப்பட்டன. யாருக்கும் ஒரு எச்சரிக்கையும் போய்ச் சேரவில்லை. வேறொரு வேலைக்காக ஆறு மணி நேரத்துக்கு முன்பு கையால் எடுத்துவைத்த ஒரு நகல் இருந்ததால் அவர்கள் தப்பினார்கள். அப்படியும் சுமார் ஆறு மணி நேரத் தரவு திரும்பக் கிடைக்கவில்லை. இத்தனையையும் அவர்களே ஒளிவுமறைவில்லாமல் எழுதி வெளியிட்டார்கள். சர்வர் பார்த்துக்கொள்ளும் எல்லோருக்கும் அது பெரிய உதவி.

அவர்களிடம் கண்காணிப்பு இருந்தது என்பதைக் கவனியுங்கள். ஆனால் அது "தவறினால் சொல்கிறேன்" என்ற வகை. அந்தச் செய்தி வழியிலேயே தொலைந்துபோனால் எதுவும் வராது. எல்லாம் நன்றாக இருந்தாலும் எதுவும் வராது. இரண்டையும் வெளியிலிருந்து பிரித்துப் பார்க்கவே முடியாது. அதனால் ஏற்பாட்டைத் தலைகீழாக மாற்றவேண்டும். வேலை நல்லபடியாக முடிந்தால் ஒரு சிறு செய்தி போகட்டும். வெளியே இருக்கும் ஒருவர் அதை எதிர்பார்த்திருக்கட்டும். குறித்த நேரத்தில் செய்தி வரவில்லை என்றால் அவரே மணி அடிக்கட்டும். ரயில் எஞ்சினில் இப்படி ஒரு கருவி உண்டு: ஓட்டுநரிடமிருந்து கொஞ்ச நேரம் எந்த அசைவும் இல்லையென்றால் விளக்கு எரியும், பிறகு ஒலி எழும், அதற்கும் பதில் இல்லையென்றால் தானாகவே பிரேக் விழும். சர்வர் வேலைகளுக்கும் அதே முறைதான். இந்தத் துறையில் இதை ஹார்ட்பீட் கண்காணிப்பு என்பார்கள்.

ஒரு சின்ன உபுண்டு சர்வர், அதில் ஒரு வேர்ட்பிரஸ் தளம், இரவில் டேட்டாபேஸ் பேக்கப், தானாகப் புதுப்பிக்கப்படும் எஸ்எஸ்எல் சான்றிதழ். பெரும்பாலானோர் தொடங்குவது இப்படித்தான் என்பதால் அதையே வைத்துச் சொல்கிறேன்.

முதலில் என்னென்ன ஓடுகிறது என்று பாருங்கள்

கருவியைத் தேடுவதற்கு முன் ஒரு தாள் எடுத்துக்கொள்ளுங்கள். உங்கள் சர்வரில் நேரம் வைத்து ஓடும் வேலைகள் ஒரே இடத்தில் இருக்காது. ஒவ்வொரு பயனருக்கும் தனித்தனி கிரான்டேப், அதாவது கிரான் ஓட்டவேண்டிய வேலைகளின் பட்டியல், உண்டு. ரூட் பயனருக்கு ஒன்று, நீங்கள் உள்ளே நுழையும் பயனருக்கு ஒன்று, வெப் சர்வர் ஓடும் பயனருக்கு ஒன்று என்று பிரிந்து கிடக்கும். இவை தவிர ஈடிசி கோப்புறைக்குள் கிரான் என்று தொடங்கும் பல துணைக் கோப்புறைகள் இருக்கின்றன. லினக்ஸில் கிரானைப் போலவே நேரம் வைத்து வேலை ஓட்டும் சிஸ்டம்டி டைமர்கள் இன்னொரு பக்கம். சிஸ்டம்சிடிஎல் கருவியிடம் லிஸ்ட்-டைமர்ஸ் என்று கேட்டால் அவற்றை வரிசையாகக் காட்டும், கடைசியாக எப்போது ஓடியது, அடுத்து எப்போது ஓடும் என்பது உட்பட. ஷேர்டு ஹோஸ்டிங் வைத்திருப்பவர்களுக்கு சி-பேனலில் கிரான் ஜாப்ஸ் என்ற பக்கம் போதும்.

பட்டியல் கைக்கு வந்ததும் ஒவ்வொரு வரிக்கும் எதிரே ஒரு கேள்வியை எழுதுங்கள்: இது ஒரு வாரம் ஓடாவிட்டால் எனக்கு என்ன நஷ்டம்? தற்காலிகக் கோப்புகளைத் துடைக்கும் வேலை நின்றால் பெரிதாக ஒன்றும் இல்லை. பேக்கப் நின்றால் தொழிலே ஆட்டம் காணும். எல்லாவற்றையும் முதல் நாளே கண்காணிப்பில் கொண்டுவரப் பார்க்காதீர்கள். பேக்கப், சான்றிதழ் புதுப்பித்தல், பணமோ வாடிக்கையாளர் மெயிலோ சம்பந்தப்பட்ட ஏதாவது ஒரு வேலை, இந்த மூன்றில் தொடங்குங்கள். தேவையில்லாத அலர்ட் பத்து வந்தால் தேவையான பதினோராவதை நீங்கள் திறந்தே பார்க்க மாட்டீர்கள்.

கிரான் வரியில் புதியவர்கள் தடுக்கி விழும் இடங்கள்

கிரான் 1970களிலிருந்து யூனிக்ஸில் இருக்கிறது. லினக்ஸ் சர்வர்கள் பலவற்றில் இன்றும் ஓடுவது, பால் விக்ஸி 1987இல் எழுதிய வடிவத்தின் வழிவந்ததுதான். ஒரு வரியில் முதலில் ஐந்து இடங்கள்: நிமிடம், மணி, மாதத்தின் நாள், மாதம், வாரத்தின் நாள். அதற்குப் பிறகு ஓடவேண்டிய கட்டளை. தினமும் 21 மணிக்கு என்றால் இப்படி:

0 21 * * *

ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை என்றால் இப்படி:

*/5 * * * *

எளிமையாகத்தான் தெரியும். ஆனால் உள்ளே சில குழிகள் இருக்கின்றன.

முதல் குழி நேரம். வாடகைக்குக் கிடைக்கும் பெரும்பாலான சர்வர்கள் யுடிசி (உலகப் பொது நேரம்) நேரத்தில் ஓடுகின்றன. இந்திய நேரமும் இலங்கை நேரமும் அதைவிட ஐந்தரை மணி நேரம் முன்னால். ஆகவே மேலே உள்ள 21 மணி என்பது நமக்கு அதிகாலை 2:30. இதைக் கவனிக்காமல் 2:30 என்று போட்டுவைத்தால் பேக்கப் காலை 8 மணிக்கு ஓடும். சர்வர் நேரத்தை யுடிசியிலேயே விட்டுவிட்டு, கணக்கை நீங்கள் போட்டுக்கொள்வது நல்லது.

அடுத்தது, நீங்கள் டெர்மினலில் ஓட்டும்போது ஓடும் ஸ்கிரிப்ட் கிரானில் ஓடாமல் போவது. கட்டளைகளை எங்கெங்கே தேடவேண்டும் என்ற பட்டியல் உங்களுக்கு நீளமாக இருக்கும், கிரானுக்கு மிகச் சுருக்கமாக இருக்கும். அதனால் ஸ்கிரிப்டுக்குள் ஒவ்வொரு கருவியையும் அதன் முழுப் பாதையோடு எழுதுங்கள். கோப்பின் பெயரில் தேதியைச் சேர்க்க % குறியைப் பயன்படுத்துபவர்கள் இன்னொன்றையும் கவனிக்கவேண்டும். கிரான்டேப் வரிக்குள் % வந்தால் கிரான் அதைப் புதிய வரி என்று எடுத்துக்கொள்ளும். முன்னால் \ போட்டால் தப்பிக்கலாம். அந்த வேலையையே தனி ஸ்கிரிப்ட் கோப்பில் வைத்துவிட்டு, கிரான்டேப்பில் அந்தக் கோப்பை மட்டும் கூப்பிடுவது இன்னும் நல்லது.

மாதத்தின் நாளையும் வாரத்தின் நாளையும் ஒரே வரியில் குறிப்பிட்டால் இரண்டும் சேர்ந்து பொருந்தவேண்டும் என்று நினைப்போம். கிரான் அப்படி நினைப்பதில்லை. 0 21 1 * 0 என்ற வரி, ஒன்றாம் தேதி ஞாயிறாக இருக்கும் நாளில் மட்டும்தான் ஓடும் என்று எண்ணவேண்டாம். ஒவ்வொரு ஒன்றாம் தேதியும் ஓடும், ஒவ்வொரு ஞாயிறும் ஓடும்.

கடைசியாக, கிரான்டேப்பைத் திருத்த அதன் பெயருக்குப் பின் ஹைஃபனும் இ எழுத்தும் போடுவோம். விசைப்பலகையில் இ-க்குப் பக்கத்திலேயே ஆர் இருக்கிறது. ஆர் போட்டால் மொத்தக் கிரான்டேப்பும் பெரும்பாலும் எந்தக் கேள்வியும் கேட்காமல் அழிந்துவிடும். அதனால் இன்றே அதன் நகல் ஒன்றை வேறொரு கோப்பில் எடுத்துவைத்துவிடுங்கள்.

கிரான் தானே மெயில் அனுப்புமே என்று கேட்கலாம். வேலையிலிருந்து ஏதாவது வெளியீடு வந்தால் அதை மெயிலாக அனுப்பக் கிரான் முயலும், உண்மைதான். ஆனால் புதிதாக அமைத்த உபுண்டு சர்வரில் பெரும்பாலும் மெயில் அனுப்பும் மென்பொருளே இருக்காது. அப்போது கிரான், அனுப்ப வழியில்லை, வெளியீட்டை விட்டுவிடுகிறேன் என்று லாகில் (பதிவுக் கோப்பில்) ஒரு வரி எழுதிவிட்டு நகர்ந்துவிடும். அந்த லாகில் தெரியும் மற்ற கிரான் வரிகளும் வேலை தொடங்கியதைத்தான் சொல்கின்றன, நல்லபடியாக முடிந்ததை அல்ல. லாகில் பெயர் வந்திருக்கிறதே என்று நிம்மதி அடையவேண்டாம்.

கண்காணிப்பு சேவையில் ஒரு கணக்கு

இதற்கென்றே பல சேவைகள் இருக்கின்றன: ஹெல்த்செக்ஸ், க்ரோனிட்டர், டெட் மேன்ஸ் ஸ்னிட்ச், பெட்டர் ஸ்டாக். தொடங்குபவர்களுக்கு நான் சொல்வது ஹெல்த்செக்ஸ். இலவசக் கணக்கிலேயே 20 வேலைகளைக் கண்காணிக்கலாம். மென்பொருள் திறந்த மூலம் என்பதால், பிறகு விரும்பினால் உங்கள் சொந்த சர்வரிலும் நிறுவிக்கொள்ளலாம். மற்றவற்றிலும் அடிப்படை இதேதான், பெயர்கள்தான் கொஞ்சம் மாறும்.

கணக்குத் தொடங்கியதும் ஒரு புதிய செக் உருவாக்குங்கள். பெயரைப் பார்த்ததும் புரியும்படி வையுங்கள். "பேக்கப்" என்பதைவிட "கடை சர்வர், இரவு டேட்டாபேஸ் பேக்கப்" என்பது மேல். ஆறு மாதம் கழித்து நள்ளிரவில் அலர்ட் வரும்போது எந்த சர்வர் என்று தேடிக்கொண்டிருக்க வேண்டியிருக்காது. உருவாக்கியதும் அந்த செக்குக்கென்று தனியாக, நீளமான ஒரு இணைய முகவரி கிடைக்கும். அந்த முகவரியை யார் திறந்தாலும் "வேலை முடிந்தது" என்று பதிவாகும். இதைத்தான் பிங் என்கிறோம்.

அப்புறம் இரண்டு அமைப்புகள் செய்யவேண்டும். ஒன்று, பிங் எவ்வளவு நேரத்துக்கு ஒருமுறை வரவேண்டும் என்பது. மற்றது, அந்த நேரம் தாண்டியும் எவ்வளவு பொறுக்கலாம் என்ற சலுகை நேரம். தொடக்கத்தில் இவை ஒரு நாள், ஒரு மணி நேரம் என்று இருக்கும். கிரான் வரியின் அந்த ஐந்து இடங்களையே இங்கேயும் அப்படியே கொடுக்கமுடியும். அதைத்தான் நான் பரிந்துரைப்பேன். கொடுக்கும்போது நேர மண்டலமும் சர்வரில் உள்ளதாகவே இருக்கட்டும். சர்வர் யுடிசியில் ஓட, இங்கே கொல்கத்தா நேரத்தைத் தேர்ந்தெடுத்தால் ஐந்தரை மணி நேர வித்தியாசத்தில் தினமும் பொய் அலர்ட் வரும்.

சலுகை நேரத்தில் கஞ்சத்தனம் வேண்டாம். பேக்கப் வழக்கமாக 10 நிமிடம் எடுக்கும் என்றால் 40 நிமிடம், ஒரு மணி நேரம் என்று வையுங்கள். தரவு வளர வளர நேரமும் கூடும். இரவு வேலைக்கு வரும் அலர்ட்டை எப்படியும் காலையில்தான் பார்க்கப்போகிறீர்கள்.

அந்த பிங் முகவரியைக் கடவுச்சொல் போலப் பாதுகாக்கவேண்டும். பொதுவில் உள்ள கிட் களஞ்சியத்தில் போடாதீர்கள். நண்பருக்கு சாட்டில் அனுப்புவதையும் தவிருங்கள். பல சாட் செயலிகள் முன்னோட்டம் காட்டுவதற்காக முகவரியைத் தாமாகவே திறந்து பார்க்கும், அதுவே ஒரு பொய் பிங் ஆகிவிடும். போஸ்ட் முறையில் (முகவரியை வெறுமனே திறப்பதற்குப் பதில் தரவு அனுப்பும் முறை) வரும் பிங்கை மட்டும் ஏற்றுக்கொள் என்று ஹெல்த்செக்ஸில் ஒரு அமைப்பு இருக்கிறது. கவலையாக இருந்தால் அதைப் போட்டுக்கொள்ளுங்கள்.

பிங்கை எங்கே வைப்பது என்பதில்தான் எல்லாம் இருக்கிறது

இந்தப் பகுதியை மட்டும் நிதானமாகப் படியுங்கள். கண்காணிப்பு அமைத்தும் ஏமாந்துபோகிறவர்கள் பெரும்பாலும் இங்கேதான் ஏமாறுகிறார்கள்.

லினக்ஸில் பிங் அனுப்பக் கர்ள் என்ற கருவி போதும். 10 விநாடிக்கு மேல் காத்திருக்காதே, கிடைக்காவிட்டால் 5 முறை வரை மறுபடி முயற்சி செய் என்று அதற்குச் சொல்லிவைக்கலாம். இதற்கான மாதிரி வரிகள் ஹெல்த்செக்ஸில் உங்கள் செக்கின் பக்கத்திலேயே பாஷ், பைத்தான், பிஹெச்பி எனத் தனித்தனியாக இருக்கின்றன. நகலெடுத்து ஒட்டினால் போதும்.

ஆனால் பேக்கப் கட்டளையையும் பிங்கையும் எதால் இணைக்கிறீர்கள்? நடுவில் ; போட்டால், முதல் வேலை தோற்றாலும் இரண்டாவது நடக்கும். பேக்கப் பிழை காட்டி நிற்கும், பிங் பாட்டுக்குப் போகும், திரையில் பச்சை விளக்கு எரியும். && போட்டால், முதல் வேலை வெற்றியாக முடிந்தால் மட்டுமே பிங் போகும். இந்த இரண்டு குறிகளுக்கு நடுவே உள்ள வித்தியாசம்தான் உங்கள் கண்காணிப்பின் உயிர்.

வெற்றியா தோல்வியா என்பது, கட்டளைகளை ஓட்டும் ஷெல்லுக்கு, கட்டளை முடியும்போது தரும் எக்ஸிட் கோடு என்ற எண் மூலம் தெரிகிறது. 0 என்றால் வெற்றி, வேறு எந்த எண்ணும் தோல்வி. அந்த எண் $? என்ற மாறியில் இருக்கும். ஹெல்த்செக்ஸில் பிங் முகவரியின் முடிவில் / போட்டு இந்த $? மாறியையும் சேர்த்து அனுப்பலாம். 0 போனால் வெற்றி என்றும் மற்ற எண் போனால் தோல்வி என்றும் அதுவே பிரித்துக்கொள்ளும். இந்த முறையில் மட்டும் ; போடுவதுதான் சரி, ஏனென்றால் தோல்வியையும் சொல்லியாகவேண்டும். சலுகை நேரம் முடியும்வரை காத்திருக்காமல் உடனே அலர்ட் வரும் என்பது இதில் கூடுதல் லாபம்.

இப்போது பைப் விஷயத்துக்கு வருவோம், அதாவது ஒரு கட்டளையின் வெளியீட்டை அடுத்த கட்டளைக்குக் கொடுக்கும் | குறி. டேட்டாபேஸை எடுத்து, | போட்டு, ஜிஸிப்பிடம் கொடுத்துச் சுருக்கிச் சேமிப்பதுதான் எல்லோரும் எழுதும் பேக்கப் வரி. அந்த வரியின் எக்ஸிட் கோடு கடைசியில் நிற்கும் ஜிஸிப்புடையது. டேட்டாபேஸின் கடவுச்சொல் மாறிப்போய் முதல் பாதி தோற்றிருக்கலாம். ஜிஸிப் தனக்கு வந்த வெறுமையை ஒழுங்காகச் சுருக்கி, 20 பைட் அளவில் ஒரு கோப்பை எழுதிவிட்டு, வெற்றி என்று சொல்லும். பேக்கப் கோப்புறையில் தேதிவாரியாக வரிசையாகக் கோப்புகள் இருக்கும், ஒவ்வொன்றும் 20 பைட். கோப்புப் பெயர்களை மட்டும் பார்த்துத் திருப்தி அடைபவர் கண்ணுக்கு இது தெரியவே தெரியாது.

இதற்கு மருந்து பாஷ் ஷெல்லின் பைப்ஃபெயில் என்ற அமைப்பு. ஸ்கிரிப்டின் தொடக்கத்தில் அதைப் போட்டுவிட்டால், பைப்பில் எந்தப் பகுதி தோற்றாலும் மொத்த வரியும் தோல்வியாகவே கணக்காகும். அதோடு, எந்த வரியாவது தோற்றால் அங்கேயே நின்றுவிடு என்ற அமைப்பையும் சேர்த்துக்கொள்ளுங்கள். ஸ்கிரிப்டின் முதல் வரியில் பாஷ் என்று குறிப்பிட மறக்காதீர்கள். உபுண்டுவில் கிரான் இயல்பாகக் கூப்பிடுவது டாஷ் என்ற ஷெல். அதன் பல பதிப்புகளில் பைப்ஃபெயில் கிடையாது.

அதற்குப் பிறகும், பிங் அனுப்புவதற்கு முன் விளைவைச் சோதிக்கச் சொல்வேன். கட்டளை வெற்றி என்று சொல்வதும் நமக்கு வேண்டிய கோப்பு கைக்கு வந்திருப்பதும் எப்போதும் ஒன்றாக இருப்பதில்லை. கோப்பு இருக்கிறதா, இன்று எழுதப்பட்டதா, ஒரு குறைந்தபட்ச அளவுக்கு மேல் இருக்கிறதா? உங்கள் பேக்கப் வழக்கமாக 80 எம்பி என்றால் 40 எம்பிக்குக் கீழே போனால் தோல்வி என்று வைத்துக்கொள்ளலாம். மைஎஸ்க்யூஎல் டம்ப் கோப்புகளில் இன்னொரு வசதி இருக்கிறது. முழுமையாக எழுதி முடித்தால் வழக்கமாகக் கடைசி வரியில் "டம்ப் கம்ப்ளீட்டட்" என்று ஆங்கிலத்தில் ஒரு குறிப்பு இருக்கும். அந்த வரியைத் தேடிப்பாருங்கள். இல்லையென்றால் பாதியில் நின்ற கோப்பு அது. பேக்கப்பை வேறு இடத்துக்கு அனுப்புபவர் என்றால், அனுப்பி முடித்த பிறகுதான் பிங் போகவேண்டும். அதே சர்வரில் கிடக்கும் பேக்கப், சர்வரோடு சேர்ந்துதான் போகும்.

சான்றிதழ் விஷயத்திலும் இதே கதைதான். இலவசச் சான்றிதழ் தரும் லெட்ஸ் என்கிரிப்ட் 90 நாள் சான்றிதழைத்தான் பரவலாகக் கொடுத்துவந்திருக்கிறது, சர்ட்பாட் கருவி அதைத் தானாகப் புதுப்பிக்கிறது. காலாவதி நெருங்கும்போது அவர்கள் அனுப்பிவந்த நினைவூட்டல் மெயில்கள் 2025 ஜூன் 4 அன்று நிறுத்தப்பட்டன. சான்றிதழ்களின் ஆயுளும் குறைந்துகொண்டே வருகிறது. உலாவி நிறுவனங்களும் சான்றிதழ் நிறுவனங்களும் சேர்ந்து எடுத்த முடிவின்படி, 2029 மார்ச் 15 முதல் எந்த நிறுவனத்தின் பொதுச் சான்றிதழும் அதிகபட்சம் 47 நாள்தான் செல்லும். ஆகவே இது கையால் செய்யும் வேலையாக இனி இருக்கமுடியாது. ஆனால் சர்ட்பாட் வெற்றி என்று சொன்னதும் பிங் அனுப்பினால் போதுமா? புதிய சான்றிதழ் வட்டில் வந்து உட்கார்ந்திருக்க, வெப் சர்வர் ரீலோட் ஆகாமல் பழையதையே காட்டிக்கொண்டிருக்கலாம். அதனால் தினமும் ஒருமுறை, உங்கள் தளம் வெளியே காட்டும் சான்றிதழையே எடுத்து, ஓப்பன்எஸ்எஸ்எல் கருவியிடம் "இது இன்னும் 20 நாள் தாங்குமா" என்று கேளுங்கள். அதற்குச் செக்எண்ட் என்ற தேர்வு இருக்கிறது, நாளை விநாடிகளில் கொடுக்கவேண்டும். 20 நாள் என்றால் 1728000. தாங்கும் என்று பதில் வந்தால் மட்டும் பிங். இப்படிச் செய்தால் புதுப்பித்தல் ஏன் தவறியது என்று முன்கூட்டியே ஊகிக்கவேண்டிய அவசியமில்லை, எந்தக் காரணமாக இருந்தாலும் அகப்படும்.

இதே வித்தை டிஸ்க் இடத்துக்கும் பொருந்தும். மணிக்கு ஒருமுறை ஓடும் ஒரு சின்ன ஸ்கிரிப்ட், டிஸ்க் 85 சதவீதத்துக்குக் கீழே இருந்தால் மட்டும் பிங் அனுப்பட்டும். பேக்கப் தோற்பதற்கு டிஸ்க் நிரம்புவது மிகச் சாதாரணமான காரணம் என்பதால், இந்த ஒரு செக் மற்றவற்றுக்கும் காவலாக இருக்கும்.

நீண்ட நேரம் ஓடும் வேலைகள்

சில வேலைகள் தோற்பதில்லை, முடிவதும் இல்லை. எங்கோ ஒரு பதிலுக்காகக் காத்துக்கொண்டு அப்படியே நிற்கும். இவற்றுக்கு வேலை தொடங்கும்போதே ஒரு பிங் அனுப்புங்கள், முகவரியின் முடிவில் ஸ்டார்ட் என்று சேர்த்து. தொடக்கத்துக்கும் முடிவுக்கும் இடைப்பட்ட நேரத்தை ஹெல்த்செக்ஸ் கணக்கிட்டுக் காட்டும். தொடங்கியது சலுகை நேரத்துக்குள் முடியாவிட்டால் அலர்ட் அனுப்பும். ஒன்று மட்டும் கவனம்: எந்த வரி தோற்றாலும் நின்றுவிடு என்று ஸ்கிரிப்டில் போட்டிருக்கிறீர்கள் அல்லவா? தொடக்கப் பிங் போகாமல் போனால் பேக்கப்பே நடக்காமல் நின்றுவிடும். அந்த ஒரு வரியின் முடிவில் || போட்டு ட்ரூ என்று சேர்த்துவிடுங்கள். கண்காணிப்பு சேவை ஒரு நாள் படுத்தால் உங்கள் பேக்கப்பும் சேர்ந்து படுக்கக்கூடாது.

ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை ஓடும் வேலை ஒரு நாள் ஏழு நிமிடம் எடுத்தால், முதலாவது முடிவதற்குள் இரண்டாவது தொடங்கிவிடும். அப்படியே அடுக்கடுக்காகச் சேர்ந்து சர்வரை முடக்கும். எஃப்லாக் என்ற கருவி முன்னது முடியும்வரை அடுத்ததை விடாது. டைம்அவுட் என்ற கருவி, கொடுத்த நேரத்துக்கு மேல் ஓடுவதை நிறுத்தி, 124 என்ற எக்ஸிட் கோடு தரும்.

வேர்ட்பிரஸ் வைத்திருப்பவர்களுக்கு

வேர்ட்பிரஸின் உள் கிரான் உண்மையான கிரான் அல்ல. யாராவது தளத்துக்கு வரும்போதுதான், ஓடவேண்டியது ஏதாவது இருக்கிறதா என்று அது பார்க்கும். கூட்டம் குறைந்த தளத்தில் காலை 6 மணிக்கு வெளியிடக் குறித்த கட்டுரை 9 மணிக்கு முதல் வாசகர் வந்த பிறகு வெளியாவது இதனால்தான். கான்ஃபிக் கோப்பில் அந்த உள் கிரானை அணைத்துவிட்டு, உண்மையான கிரானிலிருந்து ஐந்து அல்லது பத்து நிமிடத்துக்கு ஒருமுறை அதைக் கூப்பிடுங்கள். அந்தக் கிரான் வரியில் && போட்டு பிங்கைச் சேர்த்துவிடலாம். சி-பேனலிலும் இதே வரியை அப்படியே போடலாம், சர்வருக்குள் நேரடி நுழைவு தேவையில்லை.

அலர்ட் யாருக்கு, எப்படி

மெயிலை மட்டும் நம்பாதீர்கள், கிட்லேப் கதையை நினைத்துக்கொள்ளுங்கள். மெயிலோடு டெலிகிராமையும் சேருங்கள், இரண்டு நிமிட வேலை. இன்னொருவர் சர்வரைப் பார்த்துக்கொள்கிறார் என்றால் அவருடைய போனுக்கும் போகட்டும். நீங்கள் திருமண வீட்டில் இருக்கும் நாளிலும் சர்வர் ஓடிக்கொண்டுதான் இருக்கும். வாரம் அல்லது மாதம் ஒருமுறை எல்லா செக்குகளின் நிலையையும் அறிக்கையாக அனுப்பும் வசதி ஹெல்த்செக்ஸில் இருக்கிறது, அதையும் போட்டுவையுங்கள். அந்த அறிக்கை வராமல் போனால் அலர்ட் வரும் வழியே அடைந்திருக்கிறது என்று சந்தேகப்படலாம்.

அமைத்து முடித்ததும் வேண்டுமென்றே உடைத்துப் பாருங்கள். பேக்கப் ஸ்கிரிப்டில் டேட்டாபேஸின் பெயரைத் தற்காலிகமாகத் தவறாக மாற்றிவிட்டு ஓட்டுங்கள். போனில் அலர்ட் வருகிறதா? அடுத்து, கிரான் வரியின் முன்னால் # போட்டு ஒரு இரவு ஓடாமல் விடுங்கள். காலையில் அலர்ட் இருக்கிறதா? பெயரைத் திருத்தி, # குறியை எடுத்து, பச்சை திரும்புகிறதா என்றும் பாருங்கள். இந்தச் சோதனையைச் செய்யாத கண்காணிப்பை நான் கண்காணிப்பு என்று எண்ணமாட்டேன்.

உண்மையான அலர்ட் வரும்போது முதலில் எக்ஸிட் கோடைப் பாருங்கள். 127 என்றால் கட்டளையே கிடைக்கவில்லை, பெரும்பாலும் பாதைப் பிரச்சினை. 126 என்றால் கோப்புக்கு ஓடும் அனுமதி இல்லை. 137 என்றால் வேலை வலுக்கட்டாயமாகக் கொல்லப்பட்டிருக்கிறது, சின்ன சர்வர்களில் பெரும்பாலும் நினைவகம் தீர்ந்ததால். எந்தக் கோடுமே இல்லை, பிங்கே வரவில்லை என்றால் சர்வர் உயிரோடு இருக்கிறதா, கிரான் சேவை ஓடுகிறதா, அந்த நேரத்தில் சர்வர் அணைந்திருந்ததா என்று பாருங்கள். அணைந்திருந்தபோது தவறிய வேலையைக் கிரான் பிறகு ஓட்டாது. அது வேண்டுமென்றால் சிஸ்டம்டி டைமரில் பெர்சிஸ்டென்ட் என்ற அமைப்பு இருக்கிறது. ஸ்கிரிப்டின் வெளியீடு முழுவதையும், பிழைச் செய்திகள் உட்பட, 2>&1 மூலம் ஒரு லாக் கோப்பில் சேர்த்துவைத்திருந்தால் பாதித் தேடல் மிச்சம்.

சொந்தமாக நிறுவ நினைப்பவர்களுக்கு

அப்டைம் குமா என்ற திறந்த மூலக் கருவி அழகானது, நிறுவவும் எளிது. தளம் திறக்கிறதா என்று வெளியிலிருந்து பார்க்கும், புஷ் என்ற வகையில் ஹார்ட்பீட்டும் வாங்கிக்கொள்ளும், சான்றிதழ் காலாவதியையும் சொல்லும். ஒரே நிபந்தனை: கண்காணிக்கப்படும் சர்வரிலேயே அதை நிறுவாதீர்கள். சர்வர் போனால் இரண்டும் சேர்ந்து போகும், அலர்ட் அனுப்ப ஆள் இருக்காது. வேறொரு நிறுவனத்தின் சர்வரில் வைப்பது இன்னும் நல்லது. அதைப் பராமரிக்க நேரமில்லை என்றால் வெளிச் சேவையின் இலவசக் கணக்கே போதும். தொடங்குபவர்களுக்கு அதுதான் என் பரிந்துரை.

இவ்வளவும் ஓடத் தொடங்கிய பிறகு ஒரு செக்கை மட்டும் கூடுதலாக உருவாக்குங்கள். பெயர்: "பேக்கப்பை மீட்டுப் பார்த்தேன்". கால அளவு 30 நாள், சலுகை 5 நாள். இதற்குக் கிரான் கிடையாது. மாதம் ஒருமுறை ஏதோ ஒரு பேக்கப் கோப்பை எடுத்து, வேறொரு கணினியில் வெற்று டேட்டாபேஸில் ஏற்றி, கடைசி ஆர்டரோ கடைசிக் கட்டுரையோ இருக்கிறதா என்று உங்கள் கண்ணால் பார்த்த பிறகு, அந்த பிங்கை நீங்களே அனுப்புங்கள். மறந்தால் 35ஆம் நாள் போன் நினைவூட்டும்.